பதினேழடி வானம்

ரயிலடியிலிருந்து தேவாலயம் வரைக்கும்
போ நதிச் சமவெளியின் இலையுதிர்கால மழை முழுக்க
நனையாமல் போகலாம் எங்கள் தெருவில்,
பதினேழு அடி நீங்கலாக.
அந்தப் பதினேழும் எங்கள் வீட்டு முகப்பு.

வடக்கே சார்த்தோரி வீட்டுத் தூண்கள் வந்து நின்றுவிடும்.
தெற்கே மருந்துக்கடைத் தூண்கள் தொடங்கும்.
நடுவில், மேல்வரிசையில் பல் போன மாதிரி,
நாங்கள்.

சட்டம் அன்று இப்படி இருந்தது:
தெருவில் வீடு வைத்திருப்பவன்
தன் மண்ணில், தன் செலவில் வளைவு எழுப்ப வேண்டும்,
குதிரைக்காரன் தொப்பியைக் கழற்றாமல் போகிற உயரத்துக்கு.
தூண் அவனுடையது. நிழல் ஊருடையது.
எல்லோரும் கட்டினார்கள்.
ஜெர்வாசோ ஸ்கார்தோவி கட்டவில்லை.

ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு கதை.
அடுத்த வீட்டுத் தம்பியோடு பேச்சில்லை,
சுவரோடு சுவர் சேரக்கூடாதென்று, என்பார்கள்.
சணல் காய வெயில் வேண்டியிருந்தது என்பார்கள்.
கஞ்சன் என்பது சுருக்கமான கதை.
பேரேட்டை நானே போய்ப் பார்த்தேன்:
வளைவு இல்லாமைக்கு அபராதம், பன்னிரண்டு லீரா.
அடுத்த ஆண்டும் பன்னிரண்டு.
முப்பத்தோரு ஆண்டுகள், ஒரு தவணை தப்பாமல்.
அந்தக் காசில் மூன்று வீட்டுக்கு வளைவு கட்டியிருக்கலாம்.
கஞ்சனாம்.

அன்றிலிருந்து ஊர் எங்களுக்கு வைத்த பெயர் ஈரத்தார்.
வருகைப் பதிவின்போது ஆசிரியை ஒருமுறை வாய்தவறி
"ஈரத்தார் ஒனேலியா" என்றாள்.
"உள்ளேன்" என்றேன்.

மழை பிடித்தால் சன்னலோரம் நாற்காலி போட்டுக்கொள்வேன்.
கடைசித் தூண்வரை வந்து தயங்குவார்கள்.
காலரைத் தூக்கி, பையைத் தலைக்கு ஏற்றி,
கழுத்தில்லாதவர்களாகி
ஓடுவார்கள்.
வழக்கறிஞர் ஓடுவார். பாதிரியார் அங்கியைப் பிடித்தபடி ஓடுவார்.
பதினேழு அடிக்கு எவன் குடை தூக்குவான்?

மொக்லேஸ் தூக்குவான்.
மாதாரிப்பூர்க்காரன். ஆறு வருடமாக
மருந்துக்கடைத் தூணில் சாய்ந்து, முழங்கையில் எட்டுக் குடை.
"உங்க வீட்டு வானந்தான் என் கடை" என்றான் ஒருநாள்,
வாடகை கேட்டுவிடுவேனோ என்று பாதி சிரித்து.
அவன் ஊரில் இதற்கெல்லாம் மழையென்று பேர் வைக்கமாட்டார்களாம்.

இப்போது கடிதம் வந்திருக்கிறது.
கண்ணாடியும் எஃகுமாய் ஒரு கூரை, செலவு நகராட்சியுடையது.
"தொடர்ச்சி" என்ற சொல் மூன்று இடத்தில்.
கீழே என் கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு.

கிழித்துப் போட்டிருப்பேன்.
ஆனால் சார்த்தோரி வீட்டு நோரினாவால் ஓட முடியாது.
நாலுகால் நடைச்சட்டம். பதினேழு அடி கடக்க
நாலு நிமிடம்; எண்ணியிருக்கிறேன்.
திங்களன்று பாதிவழியில் நின்று, தலை சொட்டச் சொட்ட
என் சன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
மொக்லேஸ் ஓடினான். அவள் ஐந்து யூரோ நீட்டினாள்.
வாங்கிக்கொண்டு குடையைக் கொடுத்தான்.
இரண்டு கையும் சட்டத்தில் இருக்க
குடையை எதனால் பிடிப்பதென்று
இருவரும் யோசித்து நின்றார்கள்,
மழையில்.

நேற்றிரவு வெண்பனி.
காலையில் கதவைத் திறந்தேன்.
இருபுறமும் வளைவுகளின் கீழ் கல் காய்ந்து கிடந்தது.
என் வாசலில் மட்டும் வெள்ளை,
அதன்மேல் ஊரே நடந்திருந்தது:
ரொட்டிக்கடைக்காரனின் பூட்ஸ், ஒரு நாய், குதிகால் காலணி,
சறுக்கி விழுந்த ஏதோ பையனின் முழு நீளம்,
நாலு புள்ளி, நாலு புள்ளி, நாலு புள்ளி என்று
நோரினா.
வேறெங்கும் யாரும் நடந்ததற்குச் சாட்சியில்லை.

பேனாவை எடுத்து வைத்திருக்கிறேன்.
குளிரில் மை உறைந்ததோ என்று
உறையின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன்.
எழுதுகிறது.